மல்காஜ்கிரிக்கு மட்டும் மூடிய கதவு

கார்த்திக், இதைப் படித்து முடிக்கும்வரை எனக்கு ஃபோன் பண்ணாதே. பாதியில் பண்ணினால் எடுக்க மாட்டேன். எடுத்தால் உன் குரலைக் கேட்டதும் "சாப்பிட்டியாடா" என்று கேட்டுவிட்டு, சொல்ல வந்ததைச் சொல்லாமல் வைத்துவிடுவேன். நாலு வருஷமாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். நீ தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய் என்று தெரியும். மெதுவாகப் படி, அவசரமில்லை. இங்கிலீஷில் எழுதிப் பார்த்தேன். ஆபீஸ் மெயில் மாதிரி வந்தது, என் கோபம் ஒரு வரியிலும் நிற்கவில்லை. படித்த பிறகு யாருக்கு வேண்டுமானாலும் காட்டு. நானே நாலு பேருக்குக் காட்டத்தான் போகிறேன்.

போன வியாழக்கிழமை பெட்டியைக் கட்டிக்கொண்டு மாதாப்பூர் ஹாஸ்டலுக்குப் போனாய். திங்கட்கிழமை கிரிதர் கம்பெனியில் சேரப் போகிறாய். நேற்று அவன் உன் தோளில் கைபோட்டு நிற்கிற படத்தை வீட்டு குரூப்பில் போட்டு, "கிரி அண்ணா லெஜண்ட்!" என்று எழுதியிருந்தாய். உன் அப்பா ராமச்சந்திராபுரத்திலிருந்து திரும்புகிற கம்பெனி பஸ்ஸில் அதைப் பார்த்திருக்கிறார். வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டார்: "நீ இன்னும் பையன்கிட்ட சொல்லலையா?" நான் அடுப்பை அணைத்தேன். "இப்பவும் சொல்லலைன்னா அவன் போடுற சோத்தைத் தின்னுட்டு அவனையே கும்பிடுவான் உம்பிள்ளை" என்றார். அதனால்தான் இந்தக் கடிதம்.

கிரிதர் யார் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை என்று நினைப்பாய். நம் வீட்டுக்கு வந்துபோனவன், உன் பிறந்தநாளுக்குக் கீபோர்டு வாங்கிக் கொடுத்தவன், நான் செய்கிற புளிக்குழம்புக்காகவே ஞாயிற்றுக்கிழமை வண்டி எடுத்துக்கொண்டு வந்தவன். செகந்திராபாத்தில் தலைமுறை தலைமுறையாக இருக்கிற தமிழ்க் குடும்பம்; பாதி பேச்சு தக்கினி, அதாவது இந்த ஊர் உருது. "ஹவ் அக்கா, நீங்க சொன்னா சரிதான்" என்பான். நான் சர்வர்களைப் பார்த்துக்கொண்ட அந்தச் சின்னக் கம்பெனியில் எனக்குக் கீழே சேர்ந்தான். சில தனியார் கல்லூரிகள் ஒன்றாகச் சேர்ந்து, மாணவர்களுக்குச் சீட் ஒதுக்குகிற இணையதளத்தை எங்களிடம் விட்டிருந்தன. தளத்தின் பக்கங்களை எழுதுவது அவன், அது விழாமல் பார்த்துக்கொள்வது நான். நன்றாகத்தான் போனது. பிறகு அவனுக்குத் தனிக்கடை போட ஆசை வந்தது, போனான். வழியனுப்பும்போது என் வீட்டில்தான் சாப்பிட்டான். எந்தக் கல்லூரிகளின் வேலை எங்கள் கையில் இருந்ததோ, அதே கல்லூரிகளிடம் மறுவாரமே போய் நின்றான். அது வியாபாரம். அதற்காக நான் யாரையும் சபிக்கிறவள் இல்லை.

இனி அந்த நாள். உனக்குத் தெரிந்த கதையை முதலில் சொல்கிறேன். உனக்கு ஆர்க்கிடெக்சர் சீட் ஒதுக்கியிருந்தார்கள். மல்காஜ்கிரி ஸ்டேஷன் நடைமேம்பாலத்தைப் படிப்படியாக அளந்து வரைந்து வைத்திருந்தாயே, அந்தப் பைத்தியத்துக்குக் கிடைத்த சீட். சாயங்காலம் ஐந்து மணிக்குள் தளத்தில் போய் 'சம்மதம்' என்று அழுத்த வேண்டும். அழுத்தாவிட்டால் அடுத்த பெயருக்குப் போய்விடும். சான்றிதழ் நகல் ஒன்று குறைந்ததால் கடைசி நாள்வரை தள்ளிப்போயிற்று. அன்று மத்தியானம் மூன்றரைக்கு எங்கள் சர்வர்மேல் தாக்குதல் தொடங்கியது. யாரோ தளத்தை முடக்கினார்கள், உன் சீட் போனது. இதுதானே உனக்குத் தெரிந்தது? அந்த 'யாரோ'வை நாலு வருஷமாகத் திட்டிக்கொண்டிருக்கிறாய். அவர்களைப் பிடிக்கவே இந்தக் கம்ப்யூட்டர் படிப்புக்கு வந்தேன் என்று உன் கல்லூரி மேடையில் சொன்னாய். நான் கீழே உட்கார்ந்து கைதட்டினேன்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். இப்படித் தளத்தை முடக்குகிறவர்கள் எதையும் உடைத்துக்கொண்டு உள்ளே வருவதில்லை. ஒரு கவுன்ட்டர் முன்னால் ஆயிரம் பேரைக் கொண்டுவந்து நிறுத்தி, எல்லோரும் ஒரே நேரத்தில் தேவையில்லாத கேள்வியைக் கேட்டுக்கொண்டே இருந்தால், உண்மையான வேலையோடு வந்தவன் கவுன்ட்டரைத் தொடவே முடியாது. அவ்வளவுதான். அந்த ஆயிரம் பேரும் வாடகைக்கு வருகிறவர்கள். அவர்கள் மனிதர்களும் இல்லை. வாங்கி மாட்டிய நாளிலிருந்து பாஸ்வேர்டு மாற்றாத வீட்டுக் கேமராக்கள், வைஃபை பெட்டிகள். அவற்றை யாரோ கைப்பற்றி வைத்துக்கொண்டு, கேட்கிறவனுக்கு ஏவி விடுகிறார்கள். ஏவிவிடச் சொன்னவன் எங்கேயோ உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருப்பான்.

யார் எங்கிருந்து வந்து எந்தப் பக்கத்தைத் திறந்தார்கள் என்று சர்வர் எழுதிவைக்கிற பதிவேட்டைத் திறந்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. அடி முழுவதும் ஒரே ஒரு பக்கத்தின் மேல் விழுந்துகொண்டிருந்தது. எல்லாக் கல்லூரிகளின் எல்லாச் சீட்டுகளையும் ஒரே நேரத்தில் கணக்கிட்டுக் காட்டுகிற உள்பக்கம் அது. ஒருமுறை திறந்தாலே சர்வர் மூச்சு வாங்கும். மாணவர் யாருக்கும் அது தெரியாது, எங்கேயும் அதற்கு இணைப்பும் கிடையாது. அதன் முகவரி தெரிந்தவர்கள் மூன்றே பேர்: எங்கள் முதலாளி, நான், அதை எழுதிய கிரிதர். அவன் போன பிறகு அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டிருக்க வேண்டும். வீட்டைக் காலி பண்ணிப் போனவனிடம் சாவி இருக்கிறதே, பூட்டை மாற்ற வேண்டுமே என்று எனக்குத் தோன்றவில்லை. சாப்பாடு போட்ட கை அல்லவா, சந்தேகப்படவில்லை. நீ நாளைக்கு எந்தக் கம்பெனியில் இருந்தாலும் சரி, ஒருத்தர் வேலையை விட்ட அன்றே அவருக்குத் தெரிந்த வழிகளை மூடு. நல்லவரா கெட்டவரா என்று பார்க்காதே.

அந்த ஒரு பக்கத்தை மூட எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. மூடியிருந்தால் அடி வெறும் சுவரில் விழுந்திருக்கும், தளம் எழுந்து நின்றிருக்கும், நீ சம்மதம் அழுத்திவிட்டு மேம்பாலத்துக்கு வரையப் போயிருப்பாய். நான் மூடவில்லை. மறந்துபோனேன், பதறிப்போனேன் என்றெல்லாம் நாலு வருஷம் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். பொய். வேண்டுமென்றேதான் மூடவில்லை. அடிக்கிறவன் எப்படியும் வந்து எட்டிப் பார்ப்பான்: செத்துவிட்டதா, இன்னும் துடிக்கிறதா என்று. அந்தப் பக்கத்துக்கே வருவான், தன் சொந்த இணைப்பிலிருந்து வருவான். மூடிவிட்டால் திட்டம் தெரிந்துவிட்டது என்று புரிந்துகொண்டு ஓடிவிடுவான். எனக்கு அவன் வேண்டும். என் சோற்றைத் தின்றுவிட்டு என் கழுத்தில் கை வைக்கிறாயா, இருடா உனக்கு, என்று பல்லைக் கடித்துக்கொண்டு அந்தக் கதவைத் திறந்தே வைத்தேன்.

ஆனால் சர்வரையும் எழுப்ப வேண்டுமே. முதலாளி பின்னால் நின்று, "மேடம், ஏதாவது பண்ணுங்க, ஏதாவது பண்ணுங்க" என்று கையைப் பிசைந்துகொண்டிருந்தார். அதனால் பக்கத்தை விட்டுவிட்டு ஆட்களை மூடினேன். எங்கெங்கிருந்து அடி அதிகமாக வருகிறதோ, அந்த இணைய முகவரிகளையெல்லாம் கொத்துக் கொத்தாகத் தடைப்பட்டியலில் போட்டேன். முதலில் வெளிநாட்டு முகவரிகள். அங்கே நமக்கு மாணவர்கள் இல்லை, பரவாயில்லை. பிறகு உள்ளூர். உள்ளூர்ப் பட்டியலில் முதலில் நின்றது மல்காஜ்கிரி பக்கத்துக் கேபிள்காரருடைய முகவரிகள். நம் பேட்டையில் வாசலுக்கு வாசல் கேமரா, அத்தனையும் மலிவு கேமரா. அந்தக் கேபிள்காரர் நூற்றுக்கணக்கான வீடுகளை ஒரே முகவரிக்குப் பின்னால்தான் வைத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும். நம் வீட்டு இணையமே அவருடையதுதானே! தெரிந்தும் மொத்தமாகப் போட்டேன். இத்தனை நிமிஷத்தில் தானாக விலகு என்று நேரம் குறித்துப் போடுவதுதான் தடை போடுகிற முறை. அதையும் குறிக்கவில்லை.

நாலு பத்துக்குச் சர்வர் எழுந்தது. திரையில் சர்வரின் சுமையைக் காட்டுகிற வரைபடம் அடங்கிக் கிடந்தது, அறையில் எல்லோரும் கைதட்டினார்கள். முதலாளி கண் கலங்கி எனக்கு இரானி டீ வரவழைத்தார். நான் டீயைக் கையில் வைத்துக்கொண்டு வரைபடத்தைப் பார்க்கவில்லை, அந்த ஒரு பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ அப்போதுதான் முதல்முறை கூப்பிட்டாய்.

"அம்மா, பேஜ் ஓப்பன் அவ்வட்லேது, திறக்கவே மாட்டேங்குது."

"அட்டாக்குடா. இப்பத்தான் எந்திரிக்குது. பொறு."

இரண்டாம்முறை நாலு இருபத்தைந்துக்கு. "அம்மா, மொபைல் டேட்டால ட்ரை பண்ணட்டா? இல்ல, தருண் வீட்டுக்குப் போகட்டா? அவன் வீட்டுல வேற நெட்."

அதற்கு நான் சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கும். "ஒன்னும் பண்ணாத. நீயும் சேந்து முட்டாத. எங்கேருந்தும் திறக்காது. நான் சொல்றவரைக்கும் உக்காரு." நீ உட்கார்ந்தாய். எதற்கெடுத்தாலும் எதிர்த்துப் பேசுகிற பிள்ளை, அன்றைக்கென்று அம்மா சொன்னபடி உட்கார்ந்தாய். தருண் வீட்டிலிருந்து அந்த நேரத்தில் தளம் சுத்தமாகத் திறந்திருக்கும். உன் கையில் இருந்த ஃபோனிலேயே திறந்திருக்கும். அந்த ஒரு பக்கத்திலிருந்து கண்ணை எடுக்க மனமில்லாமல், உன் வாயை அடைக்கச் சொன்ன பதில் அது.

நாலு நாற்பதுக்கு அவன் வந்தான். ஒரே ஒரு முறை. மாதாப்பூரில் அவன் புது ஆபீஸின் முகவரி. வேலையை ஒப்படைத்த வாரத்தில், அங்கிருந்து தொடர்புகொள்ள வேண்டியிருக்கும் என்று அவனே எனக்கு எழுதிக் கொடுத்திருந்தது. அந்த ரகசியப் பக்கத்தைத் திறந்தான், சர்வர் உயிரோடு இருப்பதைப் பார்த்தான், போனான். மாட்டினாயா என்று வாய்விட்டே சொன்னேன். மறுபடி ஃபோன் அடித்தது; நீதான். வெட்டிவிட்டேன். மறுபடி அடித்தது, வெட்டினேன். பதிவேட்டை நகல் எடுப்பதில் மும்முரமாக இருந்தேன். எடுத்து முடித்து நிமிர்ந்தபோது ஐந்து ஐந்து.

வீட்டுக்கு வந்தேன். நீ அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாய். "நுவ்வு செப்பினாவு கதா, நீதான சொன்ன, அதான் வெயிட் பண்ணேன்" என்றாய். அந்த வாக்கியத்தை உனக்கு எதிரே நின்று கேட்டவள் நான். அப்போதும் சொல்லவில்லை. உன்னைக் கட்டிக்கொண்டு, "எந்த நாசமாப் போறவன் பண்ணானோ, அவன் வெளங்க மாட்டான்டா" என்று அழுதேன். அழுததெல்லாம் நிஜம்தான். சொல்லாமல் விட்டதும் நிஜம்.

மறுநாள் கல்லூரிக்காரர்களோடு கூட்டம். இன்னும் ஒருநாள் அவகாசம் கொடுங்கள் என்று எங்கள் முதலாளி கெஞ்சினார். அவர்கள் என் வரைபடத்தை எடுத்து மேஜைமேல் போட்டார்கள். "நாலு பத்திலிருந்து உங்கள் சர்வர் நன்றாக ஓடியிருக்கிறதே, ஐம்பது நிமிஷம் போதாதா?" என்றார்கள். சர்வர் ஓடியது. ஒரு பேட்டை முழுக்க வெளியே நின்றது. அதைச் சொல்ல வேண்டிய ஒரே ஆள் நான், அந்த மேஜையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். சொல்லியிருந்தால் அவகாசம் கிடைத்திருக்கும். உனக்கும், நம் பேட்டையில் உன்னைப்போலவே நாற்காலியில் காத்திருந்த மற்றப் பிள்ளைகளுக்கும். என் வேலை போயிருக்கும், என் பெயர் போயிருக்கும். அவ்வளவுதான் போயிருக்கும்.

நான் போலீஸுக்குப் போகத்தான் இருந்தேன். அதற்குள் கிரிதர் கூப்பிட்டான். குரலில் அத்தனை கரிசனம். "அக்கா, டென்ஷன் நக்கோ, டென்ஷனே வேணாம். ஒன்னு மட்டும் சொல்லுங்க. எல்லாரும் நாலு மணிக்கு மேல திறந்துச்சுன்றாங்க. மல்காஜ்கிரி பசங்க மட்டும் கைக்கு, ஏன் புலம்பறாங்க?" நான் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தினேன். "பதிவேட்டைக் குடுத்தா முழுசாத்தான குடுக்கணும், அக்கா? பாதி குடுக்க முடியாதுல்ல?" என்றான். பிறகு, "நம்ம கார்த்திக்குக்கும் கிடைக்கலையாமே, பாவம்" என்றான். பாவமாம்! அந்த ஒரு சொல்லுக்காகவே அவனை நான் விடமாட்டேன். அவன் வந்து எட்டிப் பார்த்த வரியும், நான் உன்னை வெளியே தள்ளிய வரியும் ஒரே பதிவேட்டில், ஒரே பக்கத்தில் இருக்கின்றன. ஒன்றைக் காட்டாமல் இன்னொன்றைக் காட்ட முடியாது. அடுத்த வருஷம் கல்லூரிகள் அவனிடம் போயின, எங்கள் கம்பெனி மூடிற்று. இன்று பாதுகாப்பான சர்வர் பற்றி அவன் மேடை மேடையாகப் பேசுகிறான். நான் வேறொரு ஆபீஸில் யாருக்கோ பாஸ்வேர்டு மாற்றிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

ஒருநாள் அவன் தளத்தையும் அதே மாதிரி அடித்து வீழ்த்தலாம் என்று உட்கார்ந்தேன். மறைக்கவில்லை, உட்கார்ந்தேன். எங்கே கேட்டால் ஏவிவிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். அவன் சேர்க்கை நடத்துகிற கடைசி நாளாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். விரல் வைக்கும்போது ஒரு கணக்கு வந்தது. அடி கிரிதர் மேல் எங்கே விழும்? எவள் பெற்ற பிள்ளையோ ஒருத்தன் நாற்காலியில் உட்கார்ந்து "ஓப்பன் ஆகலைம்மா" என்பான். மூடிவிட்டு எழுந்தேன். மனம் திருந்தி எழவில்லை, கண்ணா. என் கோபத்துக்கு அவன் தலை வேண்டும், வேறு எவன் தலையும் வேண்டாம் என்று எழுந்தேன்.

உனக்குத் தொழில் தெரியும், நான் சொல்லித்தர ஒன்றுமில்லை. ஆனாலும் என்னை வைத்துக் கற்றுக்கொள். சர்வர் நிற்கிறதா என்று பார்க்கிறவன் பாதி வேலைதான் செய்கிறான். வெளியே எவன் நிற்கிறான் என்று பார்க்க வேண்டும். திரை அமைதியாக இருந்தால் சந்தோஷப்படாதே, யார் குரல் நின்றுபோனது என்று கேள். சந்தேகமான முகவரியை வெட்டுவதற்கு முன் வேகத்தைக் குறை. மனிதன்தானா என்று ஒரு கேள்வி கேள். அப்புறமும் வெட்ட வேண்டுமென்றால் நேரம் குறித்து வெட்டு. அடித்தவனைப் பிடிக்கிற வேலையையும் அடிபடுகிறவனைக் காப்பாற்றுகிற வேலையையும் ஒரே நேரத்தில் ஒரே ஆள் செய்யக் கூடாது. இரண்டாவதை முதலில் முடி. நான் தலைகீழாகச் செய்தேன்.

இப்போது கிரிதர் உன்னை வேலைக்கு எடுத்திருக்கிறான். உன் திறமைக்காக இருக்கலாம், நீ கெட்டிக்காரன்தான். ஆனால் என் வாய்க்குப் பூட்டாகவும் எடுத்திருக்கிறான். "இனிமே நம்ம வீட்டுப் பையன் அக்கா" என்று போன வாரம் எனக்கு மெசேஜ் அனுப்பினான். பிள்ளையின் சீட்டைப் பறித்துவிட்டு, பிள்ளையையே பறிக்கிறான். நான் பயந்த ஒரே விஷயம் உனக்குத் தெரிந்துவிடுமே என்பதுதான். அதை வைத்துத்தான் நாலு வருஷம் என்னை ஊமையாக்கி வைத்திருந்தான். இதோ, நானே சொல்லிவிட்டேன். இனி அவனிடம் என்ன இருக்கிறது?

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நான் சைபர் குற்றப் பிரிவு போலீஸுக்குப் போகிறேன். பதிவேட்டை முழுசாகக் கொடுக்கப் போகிறேன். காலம் கடந்துவிட்டது, வழக்கு நிற்பது கஷ்டம் என்று வக்கீல் இழுக்கிறார். நிற்காவிட்டால் போகட்டும். அவனிடம் வேலை கொடுத்திருக்கிற ஒவ்வொரு கல்லூரிக்கும் ஒரு நகல் போகிறது. என் வேலை போகும், தெரிந்துதான் போகிறேன். இந்த வாரம்தான் எனக்கு நாலு வருஷத்தில் முதல்முறையாகப் பசிக்கிறது.

நீ அங்கே சேருகிறாயா, சேரவில்லையா என்று நான் கேட்க மாட்டேன். அன்று உன்னை உட்காரச் சொன்னதே போதும், இனி உனக்கு எதுவும் சொல்கிற யோக்கியதை எனக்கில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை, நான் கிரிதரை மன்னிக்கப் போவதில்லை, உன்னிடம் மட்டும் எந்த முகத்தோடு கேட்பேன்? ஒன்றே ஒன்றுதான். புகாரோடு பாதிக்கப்பட்டவர் யாராவது தன் கைப்பட எழுதிக் கொடுத்தால் நல்லது என்று வக்கீல் சொன்னார். ஒரு தாளைக் காலியாக வைத்திருக்கிறேன். உனக்கு இஷ்டமிருந்தால் பத்து மணிக்குள் அந்தப் போலீஸ் ஆபீஸ் வாசலுக்கு வா. அன்று நான் ஃபோனில் சொன்னதை, சொன்னது சொன்னபடி எழுது. அம்மாவாயிற்றே என்று ஒரு வார்த்தையைக்கூட மென்று முழுங்காதே. அவனைப் பற்றி நான் எழுதிவிட்டேன். என்னைப் பற்றி நீதான் எழுத வேண்டும்.

அம்மா